தீர்ப்பு கேட்டு வரும் குடும்பங்கள்

குடும்ப சிகிச்சையைக் கற்பவர் முதலில் கைவிட வேண்டியது, யார் சரி யார் பிழை என்று உள்ளுக்குள் கணக்குப் பார்க்கும் பழக்கத்தை என்று அத்துறையின் அடிப்படை நூல்கள் ஏறக்குறைய ஒரே குரலில் சொல்கின்றன. ஆனால் அந்தப் பழக்கம் பயிலுனரிடம் மட்டும் இருப்பதாகக் கொண்டு அவை பேசுவதால், புத்தளம் மாவட்டக் கரையோரத்தில் அந்த அறிவுரை பாதித் தூரந்தான் உதவுகிறது. சிலாபத்தில் தொடங்கி உடப்பு, முந்தல், மதுரங்குளி, பாலாவி வழியாகக் கற்பிட்டி முனைவரை நீளும் இந்தக் கரையில், ஒரு குடும்பம் தன் உள்விவகாரத்தை வெளியாள் ஒருவரிடம் கொண்டுபோகிறதென்றால் அது பெரும்பாலும் ஒரு முடிவைக் கேட்டுத்தான் போகிறது. அப்படிக் கேட்பதற்கான இடங்களும் இங்கு உண்டு: பள்ளிவாசல் நிர்வாகத்தார், பங்குத்தந்தை, கோயில் பெரியவர்கள், 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின்கீழ் இயங்கும் காதி நீதிமன்றம், 1988ஆம் ஆண்டின் சட்டத்தால் உருவான மத்தியஸ்த சபை, பொலிஸ் நிலையத்தின் பெண்கள், சிறுவர் பணியகம். இவற்றுள் சில தண்டிப்பவை, சில சமாதானம் செய்பவை என்ற வேறுபாடு சட்டத்துக்கு முக்கியமானது. எதிரே அமர்ந்திருக்கும் குடும்பத்துக்கோ அவை எல்லாமே கதையைச் சொல்லிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும் இடங்கள். பிரதேச செயலகத்தின் ஓர் அறையில் உளவளத்துணை உத்தியோகத்தருக்கு அருகே கதிரை போட்டு உட்காரும் பயிலுனர், அவர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், அந்த வரிசையில் இன்னோர் இடமாகவே பார்க்கப்படுகிறார்.

குடும்ப சிகிச்சை என்பது ஒருவரிடம் தென்படும் மனத்துயரையோ நடத்தைக் கோளாறையோ அவருக்குள் மட்டும் தேடாமல், அவரைச் சூழ்ந்த உறவுகளில் திரும்பத் திரும்ப நிகழும் ஒழுங்கில் தேடும் முறை. 1950களில் அமெரிக்காவின் பாலோ அல்டோ நகரில் மானிடவியலாளர் கிரெகரி பேட்ஸனும் அவரது குழுவினரும் நோயாளிகளின் குடும்ப உரையாடல்களை ஆராயத் தொடங்கியது முதல், இம்முறை பல பள்ளிகளாகக் கிளைத்தது. குடும்பம் யாரை முன்னே தள்ளி, இவருக்குத்தான் பிரச்சினை என்று காட்டுகிறதோ அவரை இத்துறை ‘சுட்டப்பட்ட நோயாளி’ என்கிறது. நோய் அவரிடம் இருக்கலாம், ஆனால் அவரைச் சுட்டுவது குடும்பத்தின் செயல் என்பதை அச்சொல் நினைவில் வைக்கிறது. தெற்காசியாவுக்குக் குடும்பத்தோடு சேர்த்து மருத்துவம் பார்ப்பது புதிதன்று. 1950களிலேயே அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் வித்யா சாகர் நோயாளிகளின் உறவினரை வளாகத்திலேயே கூடாரமடித்துத் தங்கச் செய்தார். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையத்திலும் உறவினர் உடன் தங்குவது வழக்கமானது. ஆயினும் அங்கு குடும்பம் நோயாளிக்குத் துணையாக வந்தது. குடும்ப சிகிச்சையில் துணைக்கு வந்தவரின் பேச்சும் மௌனமும் ஆராயப்படுகின்றன என்பதால், கூட்டிக்கொண்டு வந்தவருக்குத் தானும் விசாரிக்கப்படுகிறோமோ என்ற கூச்சம் எழுகிறது. பயிலுனர் முதலில் சந்திக்கும் தடை இந்தக் கூச்சந்தான்.

இக்கரையில் அந்தக் கூச்சத்துக்கு ஒரு நீண்ட அரசியல் வரலாறும் உண்டு. 1990 ஒக்டோபரில் தமிழீழ விடுதலைப் புலிகள் வட மாகாணத்தின் முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றினர். ஏறத்தாழ 75,000 பேர் சில மணி நேர, சில நாள் அவகாசத்தில் வீடு, நிலம், கடை, தோணி எல்லாவற்றையும் விட்டு வெளியேறினர். மன்னாரிலிருந்து பலர் கடல்வழியே கற்பிட்டிக்கு வந்திறங்கினர். அவர்களில் மிகப் பெரும்பகுதியினர் புத்தளம் மாவட்டத்திலேயே முதலில் ஓலைக் கொட்டில்களிலும், பின்னர் வாங்கியோ வழங்கப்பட்டோ கிடைத்த சிறு காணிகளிலும் இருபது ஆண்டுகளுக்கு மேலாக வாழ்ந்தனர். வெங்காயத் தோட்டங்களிலும் உப்பளங்களிலும் நாட்கூலிக்குப் போவது அவர்களில் பலருடைய பிழைப்பாயிற்று. உலருணவு நிவாரணத்துக்கும், வீட்டுத் திட்டத்துக்கும், வாக்காளர் இடாப்புக்கும், போர் முடிந்த 2009க்குப் பின் மீள்குடியேற்றத்துக்கும் குடும்பங்கள் மீண்டும் மீண்டும் பதியப்பட்டன; குடும்பத் தலைவர் யார், அங்கத்தவர் எத்தனை பேர், மணமான மகள் தனிக் குடும்பமா என்ற கேள்விகளுக்குச் சொன்ன விடை அரிசியையும் கூரையையும் தீர்மானித்தது.

உள்ளூர்க் குடும்பங்களும் இத்தகைய விசாரணைக்குப் புறம்பானவை அல்ல. 2013இல் அரசு, வீட்டுப் பணிக்காக வெளிநாடு செல்லும் பெண்கள் குடும்பப் பின்னணி அறிக்கை பெற வேண்டும் என்றும், ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள தாய் செல்லலாகாது என்றும் விதித்தது. வளைகுடா நாடுகளுக்குப் பெண்களை அனுப்பிப் பழகிய இந்தக் கரையில், பிள்ளையை யார் பார்ப்பது, கணவன் குடிப்பவனா, வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்று உத்தியோகத்தர் கேட்க, பயணம் தடைப்படாதபடி பதில் சொல்லும் பயிற்சியை வீடுகள் பெற்றன. ஆண்களுக்கு அப்படியோர் அறிக்கை கேட்கப்படவில்லை என்பது தனியே பேச வேண்டிய அநியாயம். ஆகவே பயிலுனர் தாளும் பேனையுமாக உட்கார்ந்து, வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள் என்று தொடங்கும் அந்த முதற்கேள்வி, பாடநூலில் எவ்வளவு மாசற்றதாகத் தோன்றினாலும், இங்கு ஏற்கெனவே பலமுறை கேட்கப்பட்டு விலை வைக்கப்பட்ட கேள்வி. குடும்பம் பொய் சொல்கிறது என்பதன்று இதன் பொருள். ஒரு முடிவை எடுக்கப்போகிறவரிடம் சொல்லத்தக்கதைச் சொல்கிறது.

இன்னொரு முன்முடிவும் பயிலுனரின் கையில் இருக்கக்கூடும். போர், வெளியேற்றம், இழப்பு என்று கேள்விப்பட்டவுடன், நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய், அதாவது பெருங்கொடுமையைக் கண்டவர் அதையே கனவிலும் நினைவிலும் மீண்டும் மீண்டும் அனுபவிக்கும் நிலை, இங்கு பரவிக் கிடக்கும் என்று அவர் எதிர்பார்ப்பார். செஸ்மல் சிறிவர்தன, அத்துல சுமதிபால முதலியோர் புத்தளம் மாவட்டத்து இடம்பெயர்ந்தோரில் 450 பேரை ஆராய்ந்து 2013இல் வெளியிட்ட ஆய்வு வேறொரு படத்தைத் தந்தது. பொதுவான உளநோய்களுள் ஏதேனும் ஒன்று இருந்தவர்கள் 18.8 விழுக்காட்டினர், ஆனால் மனவடு நோய் 2.4 விழுக்காட்டினரிடமே காணப்பட்டது. மருத்துவப் பரிசோதனையில் போதிய காரணம் கிட்டாத உடல்வலி, களைப்பு, நெஞ்சிறுக்கம் போன்றவையாக வெளிப்படும் உடற்குறிக் கோளாறு 14 விழுக்காடு. உளநோயோடு வலுவாகச் சேர்ந்து நின்றவை வேலையின்மையும் உணவுப் பற்றாக்குறையும். அவை இரண்டையும் விட வலுவாக நின்றது துணையை இழந்த அல்லது மணமுறிவுற்ற நிலை. இவை தொடர்புகளேயன்றிக் காரணங்கள் என்று நிறுவப்பட்டவை அல்ல. எனினும் இருபது ஆண்டுக்குப் பிந்திய துயர், 1990இன் அந்த ஒரு நாளை விட, அதன்பின் வந்த நாள்களின் வீட்டு நிலைமையோடு நெருங்கி நிற்கிறது என்று வாசிக்க இடமுண்டு. அவ்வாறு வாசித்தால், முதுகுவலிக்கு மருந்து கேட்டுக் கிளினிக்குக்கு நடக்கும் ஒரு தாயின் குடும்பத்தையும் கூட்டிப் பேச வேண்டிய தேவை தெளிவாகிறது. தயா சோமசுந்தரம் வட இலங்கையை வைத்து எழுதிய கூட்டு மனவடு பற்றிய 2007ஆம் ஆண்டுக் கட்டுரையும், கேட்டைத் தனியாளின் மனத்தில் மட்டுமன்றிக் குடும்பத்திலும் சமூகத்திலும் காண வேண்டும் என்றே வாதிடுகிறது.

பயிலுனர் கற்கும் திறன்களை விளங்கிக்கொள்ள ஒரு கற்பனைக் குடும்பத்தை எடுத்துக்கொள்ளலாம். ஆலங்குடாப் பக்கத்தில் வாழும் பதினைந்து வயதுப் பையன் ஒருவன் சில மாதங்களாகப் பாடசாலைக்குப் போக மறுக்கிறான், தாயான உம்மா குவைத்தில், தகப்பனான வாப்பா கடற்றொழிலுக்குப் போகிறவர், அவனையும் தங்கையையும் வளர்ப்பது தாயின் தாயான உம்மும்மா, தாயின் சகோதரரான மாமா மன்னாருக்குத் திரும்பிப் பழைய காணியில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறார். அவனை அழைத்து வந்த தகப்பன், இவனுக்குப் புத்தி சொல்லுங்கள் என்று பயிலுனரிடம் கேட்கிறார். சுட்டப்பட்ட நோயாளி தெளிவு. கேட்கப்பட்ட தீர்ப்பும் தெளிவு.

முதலில் வரையப்படுவது குடும்ப வரைபடம். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், மணத்துக்கு ஒரு கோடு, முறிவுக்கு அக்கோட்டின்மேல் வெட்டு எனக் குறைந்தது மூன்று தலைமுறையைத் தாளில் இடும் இம்முறை, குடும்ப சிகிச்சையாளர் மரே போவனின் சிந்தனையிலிருந்து வளர்ந்து, மோனிக்கா மெக்கோல்ட்ரிக்கும் ரண்டி கெர்சனும் 1985இல் எழுதிய நூலால் ஓரளவு ஒழுங்குபட்டது. நூலில் உள்ள வரைபடத்தில் ஒரு வீட்டில் ஒன்றாக வாழ்வோரைச் சுற்றி ஒரு கோடு இழுப்பது எளிது. இக்கரையில் அந்தக் கோட்டை எங்கே இழுப்பது என்பதே முதல் பாடம். தென்மேற்குப் பருவக்காற்று மேற்குக் கடலைக் கலக்கும் மாதங்களில் தொழிலாளர் கிழக்குக் கரைக்குப் போய் வாடியடித்துத் தங்குவதும், காற்று மாறியபின் திரும்புவதும் இப்பகுதி மீனவர் வாழ்வின் ஒழுங்கு. ஆகவே வைகாசியில் வரையும் கோடும் மார்கழியில் வரையும் கோடும் ஒன்றாக இருப்பதில்லை. தாய் வீட்டில் இல்லை, ஆனால் ஒவ்வொரு இரவும் கைத்தொலைபேசியில் பிள்ளையின் பாடக் கொப்பியைக் காட்டச் சொல்கிறார். தகப்பன் வீட்டில் இருக்கிறார், ஆனால் பிள்ளை எந்த வகுப்பு என்பது அவருக்கு நிச்சயமில்லை. மாமா நூறு கிலோமீற்றருக்கும் அப்பால் இருந்தபடி, பையன் படிப்பதா தன்னோடு வந்து கட்டடவேலை பழகுவதா என்பதைத் தீர்மானிக்கிறார். இருந்தும் இல்லாதவர், இல்லாதிருந்தும் இருப்பவர் என்ற இந்த நிலையை, வியட்நாம் போரில் காணாமற்போன விமானிகளின் குடும்பங்களோடு தன் ஆய்வைத் தொடங்கிய போலின் பாஸ் ‘தெளிவற்ற இழப்பு’ என்று விளக்கினார்: இழந்தோம் என்று முடித்து அழவும் முடியாது, இருக்கிறார் என்று நிம்மதி கொள்ளவும் முடியாது. வடக்கில் விட்டுவந்த வீட்டுக்கும் இது பொருந்தும். ஷாரிகா திராணகமவின் 2011ஆம் ஆண்டு நூல், வெளியேற்றப்பட்ட தலைமுறையினர் தம்மை வடக்கத்தியராகவே எண்ணியிருக்க, புத்தளத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்தப் பிணைப்பு அவ்வளவு நேரடியானதாக இல்லாததைக் காட்டுகிறது. மாமா மன்னாரில் எழுப்பும் சுவர் உம்மும்மாவுக்கு மீட்சியாகவும் பையனுக்கு நண்பர்களை இழக்கும் ஆபத்தாகவும் இருக்கக்கூடும் என்பதைப் பயிலுனர் வரைபடத்தைப் பார்த்தே ஊகிக்கலாம். ஊகத்துக்கு மேலே அது போகக் கூடாது.

வரைபடம் ஒரு பொறியாகவும் முடியும். குடும்ப சிகிச்சையாளர் சல்வடோர் மினுச்சின் குடும்பங்களின் ‘எல்லை’ பற்றி எழுதினார்: யார் யாருடைய விடயத்தில் எவ்வளவு தலையிடலாம் என்பதை வகுக்கும் எழுதாத விதிகளே எல்லை, அவை மங்கிப்போனால் ஒருவரின் துயர் உடனே எல்லாரையும் பற்றுகிறது, இறுகிப்போனால் ஒருவர் மூழ்கினாலும் மற்றவருக்குத் தெரிவதில்லை. முதல் வகைக்கு அவர் இட்ட பெயரைக் கற்ற பயிலுனர், வடக்கு முஸ்லிம் குடும்பங்களில் மணமான மகள் சீதனமாகக் கிடைத்த வீட்டில் தாய்க்கு அருகிலேயே வாழ்வதையும், மருமகன் அங்கு வந்து சேர்வதையும் கண்டு, இது எல்லை மங்கிய குடும்பம் என்று உடனே எழுதிவிடக்கூடும். மினுச்சினே 1974ஆம் ஆண்டு நூலில் அவ்விரண்டும் உறவாடும் பாணிகள், தம்மளவில் நோய்கள் அல்ல என்று எச்சரித்திருக்கிறார். மாணவர்கள் பெயரை நினைவில் வைத்துக்கொண்டு எச்சரிக்கையை மறப்பது எல்லாத் துறையிலும் நடப்பதே. பையனை உம்மும்மா வளர்ப்பது கேடன்று. உம்மும்மாவின் கண்டிப்பைத் தகப்பன் பையனின் முன்னாலேயே தள்ளுபடி செய்கிறாரா என்பதையே பயிலுனர் கவனிக்க வேண்டும்.

மினுச்சினிடமிருந்து இக்கரை கற்கக்கூடிய இன்னொன்று உண்டு, அது கோட்பாட்டை விடப் பெறுமதியானது. 1960களின் இறுதியில் பிலடெல்பியாவில் அவரும் ஜே ஹேலியும் பிரவுலியோ மொன்டால்வோவும், பல்கலைக்கழகப் பட்டமில்லாத, அந்நகரின் ஏழைக் கறுப்பின, புவேர்ட்டோ ரிக்கோ சமூகங்களைச் சேர்ந்தவர்களையே குடும்ப சிகிச்சையாளர்களாகப் பயிற்றினர். வகுப்பில் கோட்பாட்டைக் கற்பித்து முடித்தபின் அமர்வுக்கு அனுப்பாமல், தொடக்கத்திலேயே குடும்பத்தின் முன் உட்காரவைத்து, ஒருவழிக் கண்ணாடிக்கு அப்பாலிருந்து கவனித்து, தேவைப்பட்ட கணத்தில் தொலைபேசியில் திருத்தினர். பட்டம் பெற்றவர் புத்தகத்திலிருந்து வருவிக்க வேண்டிய பல விடயங்கள் அந்தப் பயிலுனர்களுக்குப் பழக்கமானவை; எந்த வீட்டில் சோறு இல்லாமையும் எந்த வீட்டில் கோபமும் பிள்ளையைத் தெருவுக்குத் துரத்துகிறது என்று பிரித்தறிவது அவற்றுள் ஒன்று. கற்பிட்டியிலோ உடப்பிலோ பிறந்த ஒருவர் இத்துறைக்கு வரும்போது அவரிடம் உள்ள அதே வகை அறிவு, கொழும்பின் பட்டப் படிப்புகளில் பெரும்பாலும் மதிப்பெண் பெறுவதில்லை.

இனி, தீர்ப்புப் பழக்கத்தை நேரடியாகத் தாக்கும் திறனுக்கு வரலாம். மிலான் நகரின் மாரா செல்வினி பலாட்சோலி, லூயிஜி பொஸ்கோலோ, ஜான்ஃபிராங்கோ செக்கின், ஜூலியானா பிராட்டா ஆகிய நால்வரும் 1980இல் வெளியிட்ட கட்டுரை மூன்றை வலியுறுத்தியது: குடும்பத்தைப் பற்றிய தற்காலிக ஊகம், சுற்றுவினா, நடுநிலை. சுற்றுவினா என்பது ஒருவரிடம் அவரைப் பற்றியே கேட்காமல், மற்ற இருவருக்கிடையே நிகழ்வதைப் பற்றிக் கேட்பது. நீ ஏன் பள்ளிக்கூடம் போவதில்லை என்று பையனிடம் கேட்டால் அது விசாரணை. அதற்குத் தலைகுனிவோ பொய்யோதான் விடை. அவன் போகாத நாளில் உம்மும்மாவும் வாப்பாவும் கூடப் பேசுகிறார்களா, குறைவாகப் பேசுகிறார்களா என்று அவனுடைய தங்கையிடம் கேட்டால், அறையிலுள்ள எல்லாரும் தாம் எண்ணிப்பாராத ஒன்றை எண்ண நேர்கிறது. உம்மா தொலைபேசியில் அழும்போது யார் முதலில் கலங்குவது, மாமாவின் வீடு கட்டி முடிந்தால் யாருக்கு அதிக நிம்மதி, யாருக்கு அதிகக் கவலை, இந்தப் பிரச்சினை நாளையே தீர்ந்தால் உம்மா குவைத்திலிருந்து வருவது முந்துமா பிந்துமா என்று கேள்விகள் நீளலாம். கடைசிக் கேள்வியில் ஓர் ஊகம் ஒளிந்திருக்கிறது: பையன் வீட்டில் நிற்பது தாயைத் திருப்பியழைக்கும் ஒரே வழியாக இருக்கலாம். அவ்வூகம் சரியாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை என்பதே மிலான் குழுவினரின் நுட்பம். பிழையான ஊகமும் ஒரு நல்ல கேள்வியைத் தந்தால் அதன் வேலை முடிந்தது. அதன்மேல் பற்றுவைத்து நிறுவ முயலும் கணத்தில் பயிலுனர் வழக்கறிஞராகிவிடுகிறார்.

இத்தாலியிலிருந்து வந்த இக்கேள்விமுறை கரையோரத் தமிழில் அப்படியே இறங்குவதில்லை. பெரியவர் இருக்க இளையவரிடம் முதலில் கேட்பது இங்கு மரியாதைக் குறைவு. மருமகன் முன்னிலையில் மாமியாரைப் பற்றி அபிப்பிராயம் கேட்பது இருவரையும் சங்கடப்படுத்தும். பத்து வயதுச் சிறுமி தகப்பனைப் பற்றிச் சொல்லும் ஒரு வாக்கியம் அன்றிரவு வீட்டில் அடியாக மாறவும் கூடும். ஆகவே தேர்ந்த மேற்பார்வையாளர், முதலில் உம்மும்மாவிடமும் வாப்பாவிடமும் பிள்ளைகளின் வாயால் சில விடயங்களைக் கேட்க அனுமதி பெறவும், ஒப்பீட்டைக் குற்றமாக அன்றிக் கவனிப்பாக வடிவமைக்கவும் பயிலுனரைப் பழக்குவார். யாருக்குக் கோபம் அதிகம் என்பதை விட, யாருடைய கோபம் சீக்கிரம் ஆறும் என்று கேட்பது அதே செய்தியை வேறு வாசலால் கொண்டுவருகிறது. உறவுமுறையால் அழைப்பதற்கும் இங்கே எடையுண்டு. குடும்பத்தினர் பயிலுனரை மிஸ் என்றோ சேர் என்றோ அழைக்கும்வரை அவர் உத்தியோகத்தர். மூதாட்டி மகள் என்று அழைக்கத் தொடங்கியதும் நெருக்கம் வருகிறது, கூடவே மகள் தாயின் பக்கம் பேசவேண்டும் என்ற எதிர்பார்ப்பும் வருகிறது. அந்த விளியை மறுப்பது முரட்டுத்தனம். ஏற்றுக்கொண்டு, அவருடைய மருமகனிடமும் அதே அளவு கரிசனத்தோடு திரும்பிப் பேசுவதே கற்க வேண்டிய வித்தை.

நடுநிலை என்ற மூன்றாவது கருத்து மிகவும் தவறாக விளங்கிக்கொள்ளப்பட்டது. அமர்வு முடிந்து வெளியேறும் குடும்பத்தினரிடம் சிகிச்சையாளர் யார் பக்கம் என்று கேட்டால் அவர்களுக்குச் சொல்லத் தெரியக்கூடாது என்பது மிலான் குழுவினரின் அளவுகோல். அது குளிர்ந்த ஒதுக்கமாகப் படிக்கப்பட்டதால், செக்கின் 1987இல் நடுநிலையை ஆர்வம் என்று திருத்தி விளக்கினார்: ஒரே விளக்கத்தில் திருப்தியடையாமல், இது வேறு எவ்வாறெல்லாம் இருக்கலாம் என்று தொடர்ந்து அறிய விரும்பும் மனநிலை. தீர்ப்பு என்பது ஆர்வம் நின்றுபோன இடம் என்று இதிலிருந்து கொள்ளலாம். காதியோ மத்தியஸ்தரோ ஏதோவோர் இடத்தில் நின்றுதான் ஆகவேண்டும், ஏனெனில் தாபரிப்புப் பணம் எவ்வளவு என்று யாராவது சொல்ல வேண்டும். பயிலுனருக்கு அந்தக் கடமை இல்லை.

ஆனால் இந்தச் சலுகைக்கும் ஒரு கரை உண்டு. 1978இலேயே ரேச்சல் ஹேர்-மஸ்டின் குடும்ப சிகிச்சை பெண்களின் நிலையைக் காணத் தவறுவதாக எழுதினார். பின்வந்த பெண்ணிய விமர்சகர்கள், எல்லாமே ஒரு வட்டத்தின் பகுதி என்று பேசும் மொழி, அடிப்பவனையும் அடிபடுபவளையும் ஒரே பொறுப்பில் நிறுத்திவிடுகிறது என்று காட்டினர். அவர்கள் சொன்னது சரி. கணவன் அடிக்கும் வீட்டில், நீங்கள் அழும்போது அவர் அடிப்பது கூடுகிறதா என்று கேட்பது ஆர்வமன்று, உடந்தை. இலங்கையில் 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் நீதிமன்றத்தின் பாதுகாப்புக் கட்டளை பெற வழிசெய்கிறது. அச்சம் இருக்கும் இடத்தில் கூட்டு அமர்வை நிறுத்தி, பெண்ணோடு தனியே பேசி, அந்த வழியைச் சொல்வதும் பயிற்சியின் பகுதியே. தீர்ப்பு வழங்காதிருக்கக் கற்பவர், தீர்ப்பு வழங்கும் இடத்துக்கு எப்போது அனுப்பவேண்டும் என்பதையும் கற்க வேண்டியிருக்கிறது.

பயிலுனர் எங்கிருந்து பார்க்கிறார் என்ற கேள்வியும் இதனோடு சேர்ந்தது. போவன் தன் பயிற்சியாளர்களைத் தத்தம் பிறந்த குடும்பத்துக்கே திரும்பி அங்குள்ள உறவு முடிச்சுகளை ஆராயச் செய்தார்; தன் சொந்தக் குடும்பத்தோடு அவர் செய்த முயற்சியை 1967இல் சக நிபுணர் முன் விவரித்தபோது அவையே திகைத்தது, 1972இல் அது நூலில் வந்தபோது ஆசிரியர் பெயரின்றியே வந்தது. அவர் விளக்கிய ‘முக்கோணம்’, அதாவது இருவருக்கிடையிலான இறுக்கம் தாங்கமுடியாதபோது மூன்றாமவரை உள்ளிழுத்துத் தணித்துக்கொள்வது, இங்கு குடும்பத்துக்குள் மட்டும் நிகழ்வதில்லை. புத்தளத்தில் ஒருவரின் பேச்சில் இரண்டு வாக்கியம் கேட்டாலே அவர் உள்ளூரா, வடக்கிலிருந்து வந்தவரா என்று தெரிந்துவிடும். நிலம், வேலை, பாடசாலை இடம், பல்கலைக்கழக அனுமதி ஆகியவற்றைப் பங்கிட நேர்ந்ததால் இருதரப்புக்குமிடையே வந்த மனக்கசப்பு, கலப்புத் திருமணங்களுக்குப் பின்னும் முழுதாகக் கரையவில்லை. அகதிக் குடியிருப்பில் வளர்ந்த பயிலுனர் முன்னால் உள்ளூர் மாமியார் ஒருவர், வந்தவர்கள் வீட்டுப் பெண்ணை எடுத்தது பிழை என்று சொல்லும்போது பயிலுனரும் முக்கோணத்தின் ஒரு முனை. சிங்களக் கத்தோலிக்கக் குடும்பத்தின் முன்னால் உட்காரும் தமிழ்ப் பயிலுனர் இன்னொரு முக்கோணத்தில். அத்தகைய வாக்கியம் தன் நெஞ்சில் எதைக் கிளப்பியது என்பதை அறையில் மறைத்து, மேற்பார்வையில் திறப்பதற்குத்தான் மேற்பார்வை இருக்கிறது.

மேற்பார்வைக்குத் தேவையான கண்ணாடி அறை பிரதேச செயலகங்களில் கிடையாது. நோர்வேயின் ட்ரொம்சோ நகரில் டொம் அண்டர்சனும் சகாக்களும் 1985இல் அந்தக் கண்ணாடியையே தேவையற்றதாக்கினர்: கவனித்துக்கொண்டிருந்த குழுவினர் மறைவில் ஆலோசிக்காமல், குடும்பத்தின் முன்னாலேயே ஒருவரோடொருவர் பேசினர், குடும்பம் கேட்டது, பின்னர் கேட்டதைப் பற்றித் தான் நினைத்ததைச் சொன்னது. பிரதிபலிக்கும் குழு எனப்படும் இம்முறைக்கு இரண்டு மூன்று கதிரைகள் போதும் என்பதால் இங்கு அது நடைமுறைக்கு உகந்தது. உகந்ததற்கு இன்னும் ஆழமான காரணமும் உண்டு. பையன் தாயை எதிர்பார்க்கிறான் போலும் என்று மேற்பார்வையாளர் சொல்ல, தனக்கு அவன் வாப்பாவைக் கடலுக்குத் தனியே அனுப்ப அஞ்சுகிறான் போலத் தோன்றுகிறது என்று பயிலுனர் சொல்லி, இருவரும் அந்த வேறுபாட்டை அப்படியே விட்டுவிடும்போது, அதிகாரம் உள்ளவர்கள் முடிவுக்கு வராமலே மரியாதையோடு பேசமுடியும் என்பதைக் குடும்பம் தன் கண்ணால் பார்க்கிறது. இரண்டில் எது சரி என்று தகப்பன் கேட்பார் என்பதும் ஏறக்குறைய உறுதி. ஒரு சிறிய ஊரில் அந்நியர் இருவர் கூடுதலாகக் கேட்பது இரகசியத்துக்குக் கேடு என்ற ஆட்சேபம் வலுவானது; அதே ஊரைச் சேர்ந்தவரைக் குழுவில் சேர்க்காதிருப்பதும், ஒவ்வொரு முறையும் குடும்பத்திடம் சம்மதம் கேட்பதும் அதற்குப் பகுதியளவான விடைகளே.

அமர்வின் முடிவில், இப்போது என்ன செய்யச் சொல்கிறீர்கள் என்ற கேள்வி வந்தே தீரும். அதற்கு விடை சொல்லாமல் நழுவுவது குடும்பத்தை வெறுங்கையோடு அனுப்புவதாகும். பஸ் செலவும் ஒருநாள் கூலியும் இழந்து வந்தவர்களுக்கு அது அவமதிப்பு. பள்ளிக்கூட அதிபருக்குக் கடிதம், கிளினிக்குக்கு ஒரு துண்டு, நிவாரணத்துக்கு உரிய உத்தியோகத்தரின் பெயர் என உடனே செய்யத்தக்கவற்றைப் பயிலுனர் செய்ய வேண்டும், உணவுப் பற்றாக்குறையைக் கேள்விகளால் போக்க முடியாது. அவற்றைச் செய்தபின் அவர் எடுக்க வேண்டிய ஒரே முடிவு, அடுத்த அமர்வுக்கு யாரை அழைப்பது என்பது. அதுகூட முழுதாக அவருடையதன்று. மன்னாரிலிருந்து மாமா வரமுடியுமா, வந்தால் தகப்பன் பேசுவாரா, குவைத்தில் எசமானி வீட்டு வேலை ஓய்ந்து உம்மாவுக்குத் தொலைபேசி கையில் கிடைப்பது இலங்கை நேரப்படி எத்தனை மணிக்கு, அந்த நேரத்துக்குப் பிரதேச செயலகம் திறந்திருக்குமா, இல்லையேல் அமர்வை உம்மும்மாவின் திண்ணையில் வைத்துக்கொள்ளலாமா என்பதை அவர் அக்குடும்பத்திடமே கேட்க வேண்டும். அதைப் பற்றி அவர்கள் தங்களுக்குள் வாதாடும்போது யார் யாருக்கு விட்டுக்கொடுக்கிறார், யார் பேசாமல் இருந்தும் தன் எண்ணத்தை நிறைவேற்றிக்கொள்கிறார் என்பதை அவர் கவனித்து எழுதிக்கொள்ளலாம்.